குருக்களின் மணத்துறவும் குழந்தைகளின் பாதுகாப்பும்

பாலக்கோட்டிலிருந்து ஒரு தம்பி மூன்று கேள்விகள் அனுப்பியிருக்கிறார். கத்தோலிக்கக் குருக்கள் திருமணம் செய்துகொள்ளக் கூடாது என்ற கட்டாய விதிதான் அவர்களில் சிலர் சிறுவர் சிறுமியரிடம் பாலியல் குற்றம் புரியக் காரணமா? அந்த விதியை நீக்கிவிட்டால் குற்றம் நின்றுவிடுமா? தன் அக்கா மகன் பங்குக் கோயிலில் பீடச்சிறுவனாகப் பூசைக்கு உதவுகிறான், அவனை நிறுத்திவிடலாமா? மூன்றாவது கேள்வியில்தான் அவருடைய உண்மையான கவலை இருக்கிறது. அதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல முதல் இரண்டையும் பொறுமையாகப் பார்த்தாக வேண்டும். நான் கிருஷ்ணகிரியில் வழக்கறிஞர். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் வந்த 2012 முதல் பாதிக்கப்பட்ட குழந்தைகளின் பக்கம் நின்று வருகிறேன். அதற்கு வெகுகாலம் முன்பு, சிறுவயதில் ஐந்து ஆண்டுகள், குருவாக விரும்பும் சிறுவர்கள் தங்கிப் படிக்கும் இளங்குருமடத்தில் படித்தவன். இரண்டு இடங்களிலும் பார்த்ததை வைத்துத்தான் பேசுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மணத்துறவு ஒரு மனிதனைக் குழந்தைகளை நாடுபவனாக மாற்றிவிடுவதில்லை. ஆனால் கட்டாயமாக்கப்பட்ட மணத்துறவு, அதைச் சுற்றி வளர்ந்திருக்கும் தனிமையோடும் இரகசியத்தோடும் குருவுக்குக் கிடைக்கும் தெய்வ மரியாதையோடும் சேரும்போது, குற்றம் செய்ய நினைப்பவனுக்கு வாய்ப்பாகவும் நடந்ததை மூடிவிட நினைப்பவர்களுக்குத் துணையாகவும் இருந்திருக்கிறது. இவை இரண்டையும் பிரித்துப் பார்க்காததால்தான் நம் ஊர்களில் இந்தப் பேச்சு எழும்போதெல்லாம் “கல்யாணம் பண்ணி வைத்தால் எல்லாம் சரியாகிவிடும்” என்று ஒரு தரப்பும், “திருச்சபையின் பேரைக் கெடுக்கப் பார்க்கிறார்கள்” என்று மறு தரப்பும் சொல்லிவிட்டுக் கலைந்துபோகின்றன.

விதியைப் பற்றிச் சுருக்கமாக. பேதுருவுக்கு மாமியார் இருந்ததை மாற்கு நற்செய்தியின் முதல் அதிகாரமே சொல்கிறது. நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பெயினின் எல்விராவில் கூடிய சங்கம், மணமான குருக்கள் மனைவியரிடமிருந்து விலகி வாழ வேண்டும் என்றது. 1139இல் இரண்டாம் லாத்தரன் பொதுச்சங்கம் குருக்கள் செய்துகொள்ளும் திருமணம் செல்லவே செல்லாது என்று ஆக்கியது. இன்று அது 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 277ஆம் விதி. அதுவும் நாம் சார்ந்த இலத்தீன் முறைத் திருச்சபைக்குரியது. உக்ரைனிலும் லெபனானிலும் திருத்தந்தையை ஏற்றுக்கொண்ட கீழைத் திருச்சபைகளில் மணமானவர்கள் குருக்களாக இருக்கிறார்கள். ஆகவே இது விசுவாசக் கோட்பாடு அல்ல, மாற்றக்கூடிய ஒழுங்குமுறைதான். 2019இல் அமேசான் பகுதிக்கான ஆயர் மாமன்றம், மணமான தகுதியுள்ள ஆண்களுக்குக் குருத்துவம் வழங்கலாம் என்று பரிந்துரைத்தது. மறு ஆண்டு வெளியிட்ட மடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அதைக் கையிலெடுக்கவில்லை.

இனி சான்றுகளுக்கு வருவோம். மணத்துறவுக்கு எதிராகப் பேசுவோருக்குக் கிடைக்கும் மிக வலுவான எண் ஜெர்மனியிலிருந்து வருகிறது. அந்நாட்டு ஆயர் பேரவையே ஒப்படைத்து 2018 செப்டம்பரில் வெளியான ஆய்வு, 1946 முதல் 2014 வரையிலான மறைமாவட்டங்களின், அதாவது ஆயர் ஒருவரின் பொறுப்பில் உள்ள பகுதிகளின், கோப்புகளைப் புரட்டி, குற்றம் சாட்டப்பட்ட 1,670 திருப்பணியாளர்களையும் பாதிக்கப்பட்ட 3,677 சிறாரையும் கண்டறிந்தது. மறைமாவட்டக் குருக்களில் 5.1 விழுக்காட்டினர் மீது குற்றச்சாட்டு இருந்தது. குருவுக்கு அடுத்த கீழ்நிலையில் பணிபுரியும், மனைவியோடு வாழ அனுமதிக்கப்பட்ட நிரந்தரத் திருத்தொண்டர்களிடையே அது 1 விழுக்காடு மட்டுமே. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் வழக்கு முடிந்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் அதே ஆய்வில் இன்னோர் எண்ணும் இருக்கிறது. மறைமாவட்டங்களில் பணியாற்றிய துறவற சபைக் குருக்களிடையே இந்த அளவு 2.1 விழுக்காடு. அவர்களும் மணம் செய்யாதவர்கள்தான். மறைமாவட்டக் குரு தருவது வாக்குறுதி. துறவியோ கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என்று மூன்று வார்த்தைப்பாடுகளையும் கொடுத்தவர். மணத்துறவு ஒன்றே காரணமென்றால் இருவருக்கும் இடையில் இத்தனை இடைவெளி வந்திருக்கக் கூடாது.

இந்த இடைவெளிக்கு என்ன பொருள் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். நம் பக்கத்துப் பங்குத்தந்தை ஒருவருடைய அன்றாடத்தை நினைத்துப் பாருங்கள். காலைப் பூசை முடிந்ததும் பள்ளி நிர்வாகம், மலையடிவாரக் கிளைக்கோயிலுக்கு மோட்டார் சைக்கிளில் ஒரு பயணம், மாலையில் நோயாளிச் சந்திப்பு; இரவு எட்டரைக்குத் திரும்பி வந்தால் சமையற்காரம்மா மூடி வைத்துவிட்டுப் போன சாப்பாடு. பங்கு இல்லத்தில் அவர் ஒருவர்தான். கோயில், பள்ளி, விடுதி ஆகிய மூன்றின் சாவியும் அவரிடம்தான். பலர் ஒரே மேசையில் உண்ணும் துறவற இல்லங்களில், யார் எப்போது போனார், யார் உடன் வந்தார் என்று கேட்க ஆள் இருக்கிறது. நிரந்தரத் திருத்தொண்டர்களோ பெரும்பாலும் நடுத்தர வயதில் திருநிலை (திருப்பணிப் பட்டம்) பெறுகிறவர்கள்; பங்கின் பொறுப்பு அவர்கள் கையில் இருப்பதில்லை. எனவே அந்த எண்களின் வேறுபாட்டில் திருமணத்துக்கும் பங்கு இருக்கலாம், ஆனால் சாவிக்கும் தனிமைக்கும் அதைவிடக் குறைந்த பங்கு இருக்காது என்பதே என் கணிப்பு. அந்த ஆய்வு கண்ட வேறொன்றும் இதற்கு ஒத்துவருகிறது: முதல் குற்றம் சராசரியாகத் திருநிலைப்பாட்டுக்குப் பிறகு ஏறத்தாழ 14 ஆண்டுகள் கழித்தே நடந்திருக்கிறது. அடக்க முடியாத இளமை வேகம் என்று பொதுவாகச் சொல்லப்படும் விளக்கத்தை இந்த ஓர் எண்ணே தள்ளிவிடுகிறது. அது நாற்பதைத் தாண்டிய, களைத்துப்போன, கேள்வி கேட்கப்படாமலே பழகிவிட்ட ஒரு மனிதனின் குற்றம்.

ஆஸ்திரேலியாவில் அரசே அமைத்த அரச ஆணையம் ஐந்து ஆண்டுகள் விசாரித்து 2017 டிசம்பரில் அறிக்கை தந்தது. 1950 முதல் 2010 வரை பணியாற்றிய கத்தோலிக்கக் குருக்களில் 7 விழுக்காட்டினர் மீது குற்றச்சாட்டு இருந்ததாக அந்த ஆணையத்தின் முன் வைக்கப்பட்டது. சிறுவர் இல்லங்களையும் உறைவிடப் பள்ளிகளையும் நடத்திய சில அருட்சகோதரர் (குருப்பட்டம் பெறாத துறவியர்) சபைகளில் அது 20 விழுக்காட்டையும் தாண்டியது. இங்கே துறவற வாழ்வு காப்பாற்றவில்லை. குழந்தைகள் இரவும் பகலும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததும், பெற்றோர் தொலைவில் இருந்ததுமே மேலோங்கி நின்றன. அந்த ஆணையம் கட்டாய மணத்துறவை நேரடிக் காரணம் என்று சொல்லவில்லை. மற்ற ஆபத்துகளோடு சேரும்போது அது குற்றத்துக்கு வழிவகுத்திருக்கிறது என்று சொல்லி, மறைமாவட்டக் குருக்களுக்கு அதை விருப்பத்துக்கு விடுவது பற்றி உரோமையிடம் கேட்கும்படி அந்நாட்டு ஆயர் பேரவையைக் கேட்டுக்கொண்டது. இவ்வளவு அளந்து பேசிய வேறு முடிவு ஒன்றை நான் பார்க்கவில்லை.

திருச்சபையின் தரப்பில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது, அமெரிக்க ஆயர்கள் கேட்டுக்கொண்டதன் பேரில் நியூயார்க்கின் ஜான் ஜே குற்றவியல் கல்லூரி செய்த ஆய்வு. 2004இல் வந்த முதல் அறிக்கை, 1950 முதல் 2002 வரை 4,392 குருக்கள் மீது, அதாவது அக்காலத்தில் பணியாற்றியவர்களில் ஏறத்தாழ 4 விழுக்காட்டினர் மீது, குற்றச்சாட்டுகள் இருந்ததைக் காட்டியது. 2011இல் வந்த அடுத்த அறிக்கை, மணத்துறவு காரணமல்ல என்று வாதிட்டது. மணத்துறவு பல நூற்றாண்டுகளாக மாறாமல் இருக்கிறது. குற்றங்களோ 1960களில் ஏறி 1970களில் உச்சத்தைத் தொட்டு 1985க்குப் பிறகு இறங்கின. மாறாத ஒன்று மாறுகிற ஒன்றுக்குக் காரணமாக முடியாது என்பது அந்த வாதம். முதல் முறை படித்தபோது எனக்கு இது அசைக்க முடியாததாகத் தோன்றியது. பிறகு 2017 நவம்பரில் நம் கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையின் மதகு ஒன்று உடைந்து, நிறுத்த வழியில்லாமல் தண்ணீர் வெளியேறியது. அந்த இரும்பு அன்றைக்குத்தான் பழசாகவில்லை, பல ஆண்டுகளாகவே பழசாகத்தான் இருந்தது. மாறியது தண்ணீரின் அழுத்தம். அதற்காக, இரும்பின் வயதுக்கும் உடைப்புக்கும் தொடர்பில்லை என்று அணைக்கரையில் நின்ற விவசாயி எவராவது ஒப்புக்கொள்வாரா? மாறாமல் இருக்கும் ஒன்று ஏற்ற இறக்கத்தை விளக்காது என்பது சரி. உடைவதற்கு ஏற்ற இடத்தை அது உண்டாக்கி வைத்திருக்கலாம் என்பதும் சரிதான்.

அதே 2011 அறிக்கை தந்த வேறொரு தகவல் நம் கவனத்துக்கு உரியது. குற்றம் சாட்டப்பட்டவர்களில் சிறு குழந்தைகள் மீது மட்டும் நிலையான இச்சை கொண்டவர்கள் என்று மருத்துவம் வகைப்படுத்தக் கூடியவர்கள் 5 விழுக்காட்டுக்கும் குறைவு. மீதிப் பேர் வாய்ப்பைப் பார்த்துக் குற்றம் புரிந்தவர்கள். “அவன் ஒரு நோயாளி, எங்கிருந்தாலும் செய்திருப்பான்” என்று ஒதுக்கிவிடும் சமாதானம் இங்கே உடைகிறது. வாய்ப்பை உண்டாக்கிய ஏற்பாட்டைத்தான் கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது.

திருமணம் தீர்வாகுமா என்ற இரண்டாவது கேள்விக்கு, மணமான போதகர்களைக் கொண்ட சபைகளின் கணக்கைப் பார்க்க வேண்டும். இங்கிலாந்துத் திருச்சபையில் குருக்கள் தாராளமாகத் திருமணம் செய்துகொள்ளலாம். அங்கு 1940கள் முதல் 2018 வரை குருக்களும் திருச்சபையின் நம்பிக்கைக்குரிய பொறுப்பில் இருந்தோருமாக 390 பேர் சிறார் மீதான பாலியல் குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டதாக 2020இல் அரசு விசாரணை ஒன்று பதிவு செய்தது. ஜெர்மனியின் புராட்டஸ்டண்ட் திருச்சபை பற்றி 2024 ஜனவரியில் வந்த ஆய்வு குறைந்தது 2,225 பேர் பாதிக்கப்பட்டதையும் 1,259 பேர் குற்றம் சாட்டப்பட்டதையும் கண்டது. மணவாழ்வு பற்றிய விவரம் தெரிந்தவர்களில் பெரும்பாலோர் திருமணமானவர்கள். நம் நாட்டிலும் அப்படித்தான். விராலிமலை அருகே ஆசிரமம் நடத்திய பிரேமானந்தாவுக்கு, வன்புணர்வு, கொலை வழக்கில் 1997இல் புதுக்கோட்டை நீதிமன்றம் இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. அவர் தம்மைத் துறவி என்று சொல்லிக்கொண்டவர். 2018இல் சிறுமி ஒருவரை வன்புணர்ந்த வழக்கில் ஜோத்பூரில் ஆயுள் தண்டனை பெற்ற சாமியார் ஆசாராம், மனைவியும் பிள்ளைகளும் உள்ளவர். இருவரையும் மக்கள் காலில் விழுந்து வணங்கினார்கள் என்பதுதான் இருவருக்கும் பொது.

நம் மாவட்டங்களை விட்டு வெகுதூரம் போகவும் தேவையில்லை. 1992 ஜூன் 20ஆம் நாள் அரூர் வட்டத்து வாச்சாத்தியில் 18 பெண்களை வன்புணர்ந்தவர்களில் எவருக்கும் யாரும் மணத்துறவு விதித்திருக்கவில்லை. அவர்கள் அரசு சீருடை அணிந்தவர்கள். 2011இல்தான் தருமபுரி நீதிமன்றம் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் 269 பேரையும் குற்றவாளிகள் என்றது, அதற்குள் 54 பேர் இறந்தே போயிருந்தார்கள். 2024 ஆகஸ்டில் பர்கூர் அருகே ஒரு தனியார் பள்ளியில் போலி என்.சி.சி. முகாம் நடத்தியவன் மாணவியிடம் பாலியல் வன்கொடுமை புரிந்தபோது, தெரிந்தும் காவல்துறைக்குச் சொல்லாததற்காகப் பள்ளியின் பொறுப்பாளர்களும் கைதானார்கள். இவற்றில் திரும்பத் திரும்ப வருவது ஒன்றே: நம்மை யார் கேட்பார்கள் என்ற துணிச்சலும், வெளியே தெரிந்தால் பெயர் கெடும் என்ற பயமும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வழக்கு. குற்றம் சாட்டப்பட்டவர் வீட்டில் டியூஷன் எடுத்தவர், குடும்பஸ்தர். சாட்சி சொல்ல வந்த பன்னிரண்டு வயதுச் சிறுமி நீதிமன்ற வராண்டாவின் மரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நான் வாங்கிக் கொடுத்த பன்னைத் தின்னவில்லை. அது சுற்றி வந்த தாளை மடித்து மடித்து, இனி மடிக்க முடியாது என்ற அளவுக்குச் சிறு சதுரமாக்கிக்கொண்டிருந்தாள். ஏனம்மா இத்தனை நாள் வீட்டில் சொல்லவில்லை என்று மெதுவாகக் கேட்டேன். “சொன்னா யாரு நம்புவாங்க? அவருக்குத்தான் என் வயசுல பொண்ணு இருக்கே” என்றாள். அந்தப் பதிலை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. அந்த மனிதருக்குத் திருமணமே மறைவாக இருந்தது. ஒரு குருவுக்கு அதே மறைவை மணத்துறவு தருகிறது: “அவர் எல்லாத்தையும் துறந்தவராச்சே, அவரா?” என்று ஊர் கேட்கிறது. எதை ஒரு சமூகம் ஐயத்துக்கு அப்பாற்பட்டதாக உயர்த்தி வைக்கிறதோ, குற்றவாளி அதன் பின்னால் போய் நின்றுகொள்கிறான்.

இங்கேதான் கட்டாய மணத்துறவின் பங்கு எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. கோவிலூரிலும் எலத்தகிரியிலும் பி.பள்ளிப்பட்டியிலும் நம் பாட்டிமார் குருவைக் கண்டதும் “தோத்திரம் சாமி” என்பார்கள். கடவுளுக்கும் சாமி, குருவுக்கும் சாமி. அந்தச் சொல்லில் உள்ள அன்பை நான் குறை சொல்ல மாட்டேன். என் பாட்டி அப்படித்தான் அழைத்தார். ஆனால் எட்டு வயதுக் குழந்தை, “சாமி எனக்கு இப்படிச் செய்தார்” என்ற வாக்கியத்தை எப்படித் தொடங்கும்? யாரிடம் போய்ச் சொல்லும்? பிரான்சில் 1950 முதல் 2020 வரை திருப்பணியாளர்களால் பாதிக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 2,16,000 பேர் என்று 2021இல் மதிப்பிட்ட ஆணையமும், மணத்துறவுக்கும் குற்றத்துக்கும் நேரடித் தொடர்பைக் காணவில்லை. குருவை மனித நிலைக்கு மேலே தூக்கி வைத்ததைத்தான் கண்டித்தது. அந்த உயரத்துக்கு ஏணியாக இருப்பவற்றில் மணத்துறவும் ஒன்று என்று நான் சேர்த்துக்கொள்வேன்.

கேரளத்துக் கொட்டியூர் வழக்கில் பதினாறு வயதுச் சிறுமி குழந்தை பெற்றபோது, பங்குக் குருவைக் காப்பதற்காக அவளுடைய தந்தையே அந்தப் பழியை முதலில் தன் மேல் போட்டுக்கொண்டார். அந்தக் குருவுக்கு 2019இல் தண்டனை கிடைத்தது. பெற்ற தகப்பனை அந்த வார்த்தையைச் சொல்ல வைத்த மரியாதை எவ்வளவு கனமானது என்று எண்ணிப் பாருங்கள்.

மணத்துறவுக்கு இன்னொரு மறைமுகப் பங்கும் உண்டு. துறவியாக இருந்து பின் உளவியல் சிகிச்சையாளரான அமெரிக்கர் ரிச்சர்ட் சைப் அதை நெடுங்காலம் சொல்லிவந்தார். வயது வந்த பெண்ணோடோ ஆணோடோ இரகசிய உறவு வைத்திருக்கும் குரு, குற்றவாளி அல்ல. ஆனால் அவருக்கும் மறைக்க ஒன்று இருக்கிறது. தன் இரகசியம் வெளியே வந்துவிடும் என்று அஞ்சுகிறவர், பக்கத்துப் பங்கில் குழந்தைக்கு நடப்பதைத் தெரிந்துகொண்டாலும் வாய் திறக்கத் தயங்குவார். யாரும் யாரையும் காட்டிக்கொடுக்காத ஒரு மௌனம் அப்படியே படிந்துவிடுகிறது. உதகை மறைமாவட்டத்துக் குரு ஒருவர் அமெரிக்காவின் மினசோட்டாவில் பதின்வயதுப் பெண்ணிடம் குற்றம் புரிந்ததை 2015இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். ஊர் திரும்பிய பின் 2016இல் அவர் மீதிருந்த பணித்தடை நீக்கப்பட்டது. அந்த முடிவை எடுத்தவர்கள் எல்லோரும் தங்களுக்குப் பிள்ளை இல்லாத ஆண்கள். அந்த மேசையில் ஒரு தாய் உட்கார்ந்திருந்தால் வேறு முடிவு வந்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

என் குருமட நாட்களையும் சொல்ல வேண்டும். படுக்கைக் கூடத்தில் இரவு ஒன்பதரை மணி அடித்ததும் விளக்கு அணையும். இரு கைகளும் போர்வைக்கு மேலே தெரிய வேண்டும். கண்காணிப்பாளர் டார்ச் விளக்கோடு கட்டில் வரிசைகளுக்கு நடுவே நடப்பார். வெளிச்சம் ஒவ்வொரு பையனின் கையிலும் பட்டு நகர்ந்துபோகும். “தனி நட்பு கூடாது” என்று வாரம் ஒருமுறையாவது கேட்டோம். உடலைப் பற்றியும் ஆசையைப் பற்றியும் எங்களுக்குக் கிடைத்த பாடம் அவ்வளவுதான். பெரியவர் ஒருவர் உன்னைத் தொட்டால் என்ன செய்ய வேண்டும் என்று ஐந்து ஆண்டுகளில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. நான் விலகி வந்தேன், என் வகுப்புத் தோழர்கள் சிலர் இன்று நல்ல குருக்களாக இருக்கிறார்கள். பன்னிரண்டு வயதில் உள்ளே போன சிறுவனிடம் பயத்தை மட்டும் கொடுத்துவிட்டு, இருபத்தைந்து வயதில் வாழ்நாள் முழுமைக்கும் மணத்துறவு வாக்குறுதி வாங்குவது எனக்கு அன்றும் நியாயமாகப் படவில்லை, இன்றும் படவில்லை.

ஆகவே மணத்துறவை விருப்பத்துக்கு விட வேண்டும் என்பது என் நிலைப்பாடு; மனமுவந்து ஏற்பவருக்கு அது அழகான வாழ்வு என்பதையும் கண்ணால் கண்டிருக்கிறேன். ஆனால் அந்த மாற்றத்தைக் குழந்தைப் பாதுகாப்புத் திட்டமாக விற்க நான் உடன்பட மாட்டேன். குழந்தையிடம் குற்றம் புரிகிறவனுக்கு மனைவி ஒரு மருந்தல்ல. அந்த வீட்டுக்குள் பிறக்கப்போகும் குழந்தைகளையும் நினைத்துப் பாருங்கள். போக்சோ சட்டத்தின் வன்புணர்வுப் பிரிவுகளில் பதிவாகும் வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்படுபவர் குழந்தைக்கு ஏற்கெனவே அறிமுகமானவர் என்பதையே தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் எண்கள் ஆண்டுதோறும் காட்டுகின்றன; என் கோப்புகளில் இருப்பவர்களில் பெரும்பாலோர் கல்யாணமானவர்கள்.

இப்போது உங்கள் அக்கா மகனைப் பற்றி. அவனை நிறுத்தச் சொல்ல மாட்டேன். பூசைக்கு உதவுவதில் அவனுக்கு மகிழ்ச்சி இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆனால் பங்குத்தந்தையை நேரில் பார்த்துச் சிலவற்றைக் கேளுங்கள். உடை மாற்றும் அறையில் பிள்ளைகளோடு எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்கிறார்களா, வேளாங்கண்ணிக்குப் பிள்ளைகளை அழைத்துப் போனால் இரவில் யார் எந்த அறையில் தூங்குகிறார்கள், புகார் வந்தால் பங்குப் பேரவையில் அதைப் பெற்றுக்கொள்ளும் பெண் யார். நல்ல குருவுக்கு இந்தக் கேள்விகள் நிம்மதி தரும், ஏனென்றால் அவை அவரையும் காக்கின்றன. முகம் சுளிப்பவராக இருந்தால் பையனை அன்றே அழைத்து வந்துவிடுங்கள். சட்டத்தையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, குற்றம் நடந்தது தெரிந்த எவரும் காவல்துறையிடம் தெரிவித்தாக வேண்டும். ஆயர் இல்லத்துக்கு எழுதிய கடிதம் அதற்கு ஈடாகாது. மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு 21ஆம் பிரிவு ஓராண்டு வரை சிறை வைக்கிறது. குழந்தையைக் காவல் நிலையத்துக்கு இழுத்துச் செல்ல வேண்டியதில்லை. வீட்டுக்கே வந்து, சீருடை இல்லாமல், இயன்றவரை பெண் அதிகாரிதான் வாக்குமூலம் பெற வேண்டும் என்கிறது 24ஆம் பிரிவு. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பையனுக்கு மனப்பாடமாக்கிவிடுங்கள்.

அதோடு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும், சாப்பிட உட்காரும் முன், அவனிடம் நேராகவே சொல்லுங்கள்: “மாமா, வாத்தியார், சாமி, யாரா இருந்தாலும் சரி, உனக்குப் பிடிக்காத மாதிரி தொட்டா எங்கிட்ட சொல்லு. நான் உன்னைத்தான் நம்புவேன்.” அதை உங்கள் அக்காவும் பக்கத்தில் நின்று கேட்கும்படி சொல்லுங்கள்.